எந்த முகத்தோடு அசனத்துக்குப் போவேன்?

கேள்வி: அக்கா, ஆன்லைன் ரம்மியில் மனைவியின் 9 பவுன் நகையைத் தொலைத்துவிட்டேன். அவளுக்குத் தெரியாமல் அடகு வைத்தது. தெரிந்த அன்றைக்கே பிள்ளையைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். விளையாட்டை விட்டு ஏழு மாதம் ஆகிறது, ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, அப்பமும் ரசமும் கொடுக்கிற திருவிருந்து ஆரம்பிப்பதற்குள் எழுந்து வந்துவிடுகிறேன். வீட்டில் முட்டி போட்டால் ஜெபம் வருவதில்லை. அடுத்த மாதம் கோயில் பிரதிஷ்டை பண்டிகை, சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற அசனம். கடவுள் மன்னிப்பார் என்கிறார்கள். எனக்கு ஒன்றும் ஆறவில்லையே?
- பெயர் வேண்டாம், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: தம்பி, அப்படிச் சொல்கிறவர்கள் தப்பாகச் சொல்லவில்லை. ஆனால் உங்களை அரிப்பது தண்டனை பயம் இல்லையே, நாலு பேர் கண்ணில் பட வேண்டியிருக்கிறதே என்பதுதானே. அதனால்தான் அந்த வார்த்தை உள்ளே இறங்கவில்லை.

இயேசுவின் சீஷன் பேதுருவை எடுத்துக்கொள்ளுங்கள். இயேசு பிடிபட்ட ராத்திரி, பிரதான ஆசாரியனுடைய வீட்டு முற்றத்தில், குளிருக்குப் போட்ட கரிநெருப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அந்த மனுஷனை எனக்குத் தெரியவே தெரியாது என்று சாதித்தவர். அப்புறம் என்ன செய்தார்? உங்களை மாதிரிதான் ஒதுங்கி, பழைய மீன்பிடித் தொழிலுக்கே, கடலுக்கே போய்விட்டார். ஒரு நாள் விடியும்போது, உயிர்த்தெழுந்த இயேசு கரையில் நிற்கிறார். அங்கேயும் கரிநெருப்பு, அதன் மேல் மீன். யோவான் சுவிசேஷத்தில் 18ஆம் அதிகாரத்தில் ஒரு கரிநெருப்பு, 21இல் ஒன்று, புதிய ஏற்பாட்டில் மூலமொழியில் அந்தச் சொல் வருவதே இந்த இரண்டு இடத்தில்தான். ஓய்வுநாள் பள்ளியில் இருந்தே கேட்ட கதை, இது என் கண்ணில் பட நாற்பது வயதாயிற்று! அதே புகை வாசம் மூக்கில் ஏறும்போது பேதுருவுக்கு வயிற்றைக் கலக்கியிருக்கும். ஆனால் அங்கே காதில் விழுந்தது விசாரணை இல்லை, ‘வாருங்கள், போஜனம்பண்ணுங்கள்’ என்பதுதான். சாப்பிட்டு முடித்த பிறகுதான் கேள்வி, அதுவும் ‘ஏன் மறுதலித்தாய்’ என்று இல்லை, ‘என்னை நேசிக்கிறாயா’ என்று. மூன்று தடவை.

திருவிருந்தும் அந்தக் கரையில் போட்ட பந்திதான். யோக்கியமானவர்களுக்கு மட்டும் பந்தி என்றால், அன்றைக்குப் பேதுருவுக்கு ஒரு துண்டு மீன் கிடைத்திருக்குமா? அதனால் பாதியில் எழுந்து வராதீர்கள். சபைப் போதகர் ஐயரிடம் முன்கூட்டியே ஒரு நாள் தனியாகப் பேசிவிடுங்கள், அது போதும். கன்வென்ஷன் கூட்ட மேடையில் ஏறி உன் கதையைச் சாட்சியாகச் சொல்லு என்று யாராவது பிடித்துத் தள்ளினால் மறுத்துவிடுங்கள், உங்கள் காயம் ஊருக்கு வேடிக்கை இல்லை.

ஜெபம் வராததற்கு, 88ஆம் சங்கீதத்தை வாசியுங்கள். மற்ற புலம்பல் சங்கீதங்களில் பெரும்பாலும் கடைசியிலாவது ஒரு வெளிச்சம் தெரியும். இது சிநேகிதன் போனான், தெரிந்தவர்கள் மறைந்துபோனார்கள், இருட்டு என்று சொல்லி அப்படியே நின்றுவிடுகிறது, அதையும் வேதத்தில் வைத்திருக்கிறார்கள். உங்களுக்குச் சொந்த வார்த்தை வருகிற வரைக்கும் அது உங்கள் ஜெபமாக இருக்கட்டும். ராத்திரியில் வாழ்ந்து என்ன பண்ண என்ற நினைப்பு வந்தால் மட்டும் ஜெபத்தோடு நிறுத்தாதீர்கள், அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது.

மனைவி விஷயம்தான் கஷ்டம். கடவுளிடம் அழுதுவிட்டு அவளிடம் பேசாமல் இருப்பது சரியில்லை. பாவி என்று ஊர் ஒதுக்கின வரி வசூல்காரன் சகேயுவின் வீட்டுக்கு இயேசு போனபோது ஊர் முணுமுணுத்தது, ஆனாலும் அந்த மனுஷன் பாதி ஆஸ்தி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனை என்று கணக்கோடு எழுந்து நின்றான். நீங்களும் ஒரு தாளில் எழுதுங்கள்: எந்த நகை, எந்தக் கடையில், வட்டி எவ்வளவு, மாதம் எவ்வளவு கட்ட முடியும். மூழ்கிப்போன நகை இருந்தால் அதையும் மறைக்காமல் எழுதுங்கள். அதை அவள் கையில் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், திரும்பி வா என்று அன்றைக்கே கேட்க வேண்டாம். போனில் பணம் கட்டும் செயலிகளையும் கொஞ்ச நாளைக்கு எடுத்துவிட்டு, சம்பளக் கணக்கை அவள் பார்க்கும்படி வையுங்கள்.

அசனத்துக்கா? பந்தி நேரத்துக்குப் போனால் எல்லார் கண்ணும் இலைக்கு வருமுன் உங்கள் மேல்தான் விழும். முந்தின ராத்திரியே போய்விடுங்கள். அண்டா கழுவவும் காய் வெட்டவும் எப்போதும் ஆள் பற்றாது. வெங்காயம் உரிக்கிற கூட்டத்தில் உட்காருங்கள், அங்கே யார் கண் கலங்கினாலும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.