வெள்ள நிவாரணத்துக்கு வெளிநாட்டு நிதி: முன்பணம் கேட்பவரை நம்பலாமா?

கேள்வி: 2022 ஆகஸ்டில் காவிரி வெள்ளம் வந்தபோது, குமாரபாளையத்தில் எங்கள் விசைத்தறித் தெரு மன்றத்தார் மண்டபத்தில் சமைத்துப் போட்டோம். மளிகைக் கடனை அடைக்க எட்டு மாதம் ஆயிற்று. இப்போது ஒருவர், வெளிநாட்டு நன்கொடை பெறும் ஓர் அறக்கட்டளை வழியாக நிதி வாங்கித் தருகிறேன் என்று 25,000 ரூபாய் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். அவர் சொல்லும் வழியே சட்டத்தில் இல்லை. வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு அதை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கக் கூடாது என்று வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தம் தடுத்துவிட்டது. அந்தச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் அந்தப் பணத்தை நீங்கள் வாங்குவதும் குற்றம். விசாரணை வந்தால் அவர் இருக்க மாட்டார்; உங்கள் பொருளாளர்தான் பதில் சொல்ல வேண்டும்.

ஈரோட்டில் கணக்குத் தணிக்கை செய்யும் எனக்கு இந்த ஆட்கள் பழக்கம். கையில் பிளாஸ்டிக் உறையிட்ட சான்றிதழ் நகல் இருக்கும், முத்திரை மட்டும் மங்கியிருக்கும். "கணக்கை நாங்கள் எழுதிக்கொள்கிறோம், வெற்றுப் பில் கொடுங்கள்" என்பார்கள். அந்தச் சொல் வந்ததும் வந்த வழியே அனுப்பிவிடுங்கள்.

சிங்கப்பூரிலும் அமெரிக்காவிலும் உள்ள உங்கள் ஊர்ப் பிள்ளைகள் அனுப்புவது வேறு. இந்தியக் குடியுரிமை உள்ளவர், எங்கே சம்பாதித்தாலும், தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடிமகன் ஆகிவிட்டவரோ, நோம்பிக்கு ஊருக்கு வந்து ரூபாயாகவே கொடுத்தாலும் அது வெளிநாட்டு நன்கொடைதான். வெளிநாட்டுக் குடிமகனான இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இதை மாற்றாது. பங்காளியே ஆனாலும் பாஸ்போர்ட் நகலை வாங்கி, இந்தியக் குடிமகன்தான் என்று உறுதியான பிறகே பணத்தை வாங்குங்கள்.

மற்றபடி பணம் உள்ளூரிலேயே இருக்கிறது. நிறுவனங்கள் சமூகப் பொறுப்புக்காக ஒதுக்கும் சிஎஸ்ஆர் நிதியைப் பேரிடர் நிவாரணத்துக்குச் செலவிடலாம். அதைப் பெற மன்றத்துக்கு 12ஏ, 80ஜி என்று அறியப்படும் வருமான வரிப் பதிவுகளும், சிஎஸ்ஆர் நிதி வாங்குவதற்கான சிஎஸ்ஆர்-1 பதிவும் வேண்டும். ஆற்றில் தண்ணீர் வருமுன் தொடங்குங்கள். வரிச்சலுகை கேட்பவரிடம் 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கம் வாங்காதீர்கள். அரிசி மூட்டைக்குச் சலுகை கிடையாது.

மாநிலப் பேரிடர் நிதி வருவாய்த் துறை வழியாகத்தான் செலவாகும். மேட்டூரில் உபரிநீர் திறந்தால் சில மணி நேரத்தில் உங்கள் படித்துறை முழுகுகிறது. அன்றிரவே உலை வைப்பவர்கள் நீங்கள். கோப்போ மேசை மேசையாக நகர்ந்துகொண்டிருக்கும். ஆண்டுதோறும் இதைப் பார்த்து எனக்கு வயிறு எரிகிறது. ஆனாலும் முதல் நாளே வட்டாட்சியரிடம் எழுதிக் கொடுத்து நகலில் கையொப்பம் வாங்குங்கள். மண்டபத்தை அரசு முகாமாக அறிவித்தால் அரிசி, பருப்பை அவர்களிடமே கேட்கலாம்.

அந்த 25,000 ரூபாயை மன்றத்தின் பெயரில் உள்ள வங்கிக் கணக்கில் இந்த வாரமே போட்டுவையுங்கள்.