பள்ளிகளில் வரலாறு, சமூக அறிவியல் பாடங்களைப் புதுமையாகக் கற்பிக்க என்ன வழிகள் இருக்கின்றன?

"வீடியோ, வினாடி வினா எல்லாம் போட்டுப் பார்த்தாயிற்று. இரண்டு நாள் ஆர்வம், மூன்றாம் நாள் பழையபடி கொட்டாவி" என்று கேள்வியில் எழுதி, நடிப்பு, சிமுலேஷன் பயன்படுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். உயர்நிலை வகுப்புகளுக்கு வரலாறு எடுக்கிற ஆசிரியர் என்ற முறையில் என் பதில் இது: பாடநூலில் இருக்கிற பத்தி எந்தச் சான்றை வைத்து எழுதப்பட்டதோ, அந்தச் சான்றையே பிள்ளைகள் கையில் கொடுங்கள். முடிந்தால் ஒன்றோடொன்று ஒத்துப்போகாத இரண்டு சான்றுகளைக் கொடுங்கள். மற்ற உத்திகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உத்திரமேரூரை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தக சோழன் காலம், குடவோலை முறை, ஊர்ச்சபை உறுப்பினருக்கான தகுதிகள் என்று பாடநூலில் நாலைந்து வரி இருக்கும். மனப்பாடம் செய்து எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும், தேர்வு முடிந்ததும் மறந்தும் போகும். ஆனால் அங்கே இருப்பது ஒரு கல்வெட்டு அல்ல, இரண்டு. ஒன்று 919-ஆம் ஆண்டு, இன்னொன்று 921. இரண்டின் சாரத்தையும் இன்றைய எளிய தமிழில் ஆளுக்கு ஒரு தாளில் கொடுத்து, "என்ன மாறியிருக்கிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள்.

வயது வரம்பைத்தான் முதலில் பிடிப்பார்கள். முதல் கல்வெட்டில் 30 முதல் 60 வரை. இரண்டாவதில் 35 முதல் 70 வரை. இரண்டே வருடத்தில் ஏன் மாற்றினார்கள்? "சின்ன வயசுக்காரங்க ஏதோ தப்பு பண்ணிட்டாங்க சார்" என்று ஒரு பையன் சொல்வான். "அது எந்த வரியில இருக்கு?" என்று கேட்டால் மறுபடி தாளைப் பார்ப்பான். நேரடியாக அப்படி ஒரு வரியும் கிடையாது. ஆனால் பொறுப்பில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர்கள் போட்டியிடக் கூடாது, அவர்களுடைய நெருங்கிய உறவினர்களும் கூடாது, கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் (சபையின் குழுக்களில்) இருந்தவர்கள் கூடாது என்று விதிகள் நீண்டுகொண்டே போகின்றன. இவ்வளவு விவரமாகத் தடை போட்டிருக்கிறார்கள் என்றால் அப்படியெல்லாம் நடந்திருக்க வேண்டும் என்ற இடத்துக்கு வகுப்பே தானாக வந்து சேரும். அது ஊகம்தான், ஆனால் சான்றைப் பிடித்துக்கொண்டு செய்த ஊகம். இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதி வரலாற்றுக் கல்வி முடிந்த மாதிரி.

அடுத்த கேள்வி: "இந்த ஊரில் யாருடைய பெயர் ஓலையில் ஏறவே ஏறாது?" கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி என்று தகுதிகளை வரிசையாகப் படித்துப் பார்த்தால் நிலமில்லாதவர்களும் பெண்களும் உழைக்கும் மக்களும் வெளியே நிற்பது தெரியும். ஏனென்றால் இது பிராமணர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஊரின் சபை. முப்பது குடும்புகளிலிருந்தும் (ஊரின் பிரிவுகள்) பெயர் எழுதிய ஓலைகளைச் சேர்த்து, குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்த நேர்மையும் உண்மை; இத்தனை பேரை வெளியே நிறுத்தியதும் உண்மை. "அப்படியானால் இதை மக்களாட்சி என்று சொல்லலாமா?" என்று வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதாட விடுங்கள். பெருமைக்காக மட்டும் சொல்லப்படும் பாடத்தைவிட இது பிள்ளைகளிடம் நிற்கும் என்பது என் அனுபவம்.

இந்த முறைக்கு ஆய்வுப் பின்புலமும் உண்டு. அமெரிக்காவில் சாம் வைன்பர்க் என்ற கல்வியியலாளர் 1991-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். அமெரிக்க விடுதலைப் போரின் தொடக்கமாக 1775-இல் லெக்சிங்டனில் நடந்த மோதல் பற்றிய ஆவணங்களை எட்டு வரலாற்றாசிரியர்களிடமும் எட்டுப் பள்ளி மாணவர்களிடமும் கொடுத்து, படிக்கும்போது மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொன்னார். வரலாற்றாசிரியர்கள் முதலில் தேடியது யார் எழுதியது, எப்போது எழுதியது என்பதைத்தான். மாணவர்களோ மேலிருந்து கீழே, தகவல் தேடிப் படித்துக்கொண்டு போனார்கள். அந்த மாணவர்கள் நன்றாகப் படிக்கிறவர்கள். ஆவணத்தைக் கேள்வி கேட்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை, அவ்வளவுதான்.

முரண்படும் சான்றுக்கு நான் எப்போதும் எடுப்பது ஜாலியன்வாலா பாக். 1919 ஏப்ரல் 13 அன்று இறந்தவர்கள் 379 பேர் என்றது அரசு அமைத்த ஹண்டர் குழு. ஏறக்குறைய ஆயிரம் பேர் என்றது காங்கிரஸ் அமைத்த விசாரணைக் குழு. யார் எண்ணினார்கள், எப்போது எண்ணினார்கள், இறந்தவர் பெயரைக் கொடுக்கக் குடும்பத்தார் பயந்திருப்பார்களா, எண்ணிக்கை குறைந்தாலோ கூடினாலோ யாருக்கு என்ன லாபம் என்று பிள்ளைகளே கேள்விகளை அடுக்குவார்கள். இங்கே ஒரு எச்சரிக்கை தேவை. "எல்லாம் அவரவர் பார்வை" என்று முடித்துவிடுகிற ஆபத்து இருக்கிறது. 1,650 ரவுண்டு சுடப்பட்டது. கூட்டத்தைக் கலைப்பதோடு நிற்காமல் அச்சத்தை ஏற்படுத்தவும் சுட்டதாக, சுட உத்தரவிட்ட அதிகாரி டயரே ஹண்டர் குழு முன் ஒப்புக்கொண்டார். இவை இரு தரப்பும் மறுக்காத செய்திகள். எது சர்ச்சைக்குரியது, எது நிலைநாட்டப்பட்டது என்று பிரித்துப் பட்டியலிடச் சொல்வதுதான் அந்த வகுப்பின் உண்மையான பயிற்சி.

நடிப்பு, சிமுலேஷன் பற்றியும் கேட்டிருந்தீர்கள். நன்றாக வேலை செய்யும், ஆனால் முடிவெடுக்கும் சூழலை மட்டும் நடிக்க விடுங்கள், துயரத்தை நடிக்க விடாதீர்கள். இந்தியப் பிரிவினையை எடுத்தால், அகதிகளாக நடிக்கச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அது பட்டவர்களின் துயரத்தை விளையாட்டாக்கிவிடும். அதற்குப் பதிலாக எல்லைக் குழுவை உட்கார வையுங்கள். எல்லைக் கோடு போட நியமிக்கப்பட்ட பிரிட்டிஷ் வழக்கறிஞர் ராட்கிளிஃப் 1947 ஜூலை 8-ஆம் தேதி இந்தியா வந்தார். அதற்கு முன் இந்த மண்ணை மிதித்தவரில்லை. பஞ்சாபுக்கு ஒன்று, வங்காளத்துக்கு ஒன்று என இரண்டு குழுக்கள். இரண்டிலும் காங்கிரஸ் தரப்பில் இரு நீதிபதிகள், முஸ்லிம் லீக் தரப்பில் இரு நீதிபதிகள், தலைவர் ராட்கிளிஃப்தான். அதே போல ஐந்து ஐந்து பேராகப் பிரித்து, 1941 கணக்கெடுப்பின் மாவட்டவாரி மக்கள்தொகை, ஆறுகள், கால்வாய்கள், ரயில் பாதைகள் இருக்கிற பஞ்சாப் வரைபடத்தைக் கொடுங்கள். அடுத்தடுத்து இருக்கும் முஸ்லிம், முஸ்லிமல்லாதோர் பெரும்பான்மைப் பகுதிகளைப் பார்க்க வேண்டும், "பிற காரணிகளையும்" கருத வேண்டும் என்ற அன்றைய உத்தரவு வாசகத்தையும் கொடுங்கள். நாற்பது நிமிடத்துக்குள் கோடு போட வேண்டும்.

இரண்டுக்கு இரண்டு என்று வாக்கு நின்றுபோகும். தலைவராக உட்கார்ந்திருக்கிற பெண் பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு திணறுவாள். மக்கள்தொகைப்படி கோடு போட்டால் கால்வாய் துண்டாகும், கால்வாயைக் காப்பாற்றினால் ஒரு தாலுகா தப்பான பக்கம் போகும். கடைசியில் உண்மையான கோட்டைக் காட்டி, அது வெளியிடப்பட்டது ஆகஸ்ட் 17, அதாவது சுதந்திரத்துக்கு இரண்டு நாள் கழித்து என்று சொல்லும்போது வகுப்பில் எழும் கேள்விகளுக்கு அடுத்த பீரியடும் போதாது.

துயரத்தை நடிக்கக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதற்கு ஒரு முன்னுதாரணமும் இருக்கிறது. 1967-இல் கலிபோர்னியாவின் பாலோ ஆல்டோவில் ரான் ஜோன்ஸ் என்ற வரலாற்று ஆசிரியர், நாஜிகளுக்கு ஜெர்மானியர்கள் எப்படிக் கட்டுப்பட்டார்கள் என்று புரியவைக்க வகுப்பறையில் ஒரு ஒழுங்கு இயக்கத்தைத் தொடங்கினார். சல்யூட், கோஷம், ஒருவரையொருவர் காட்டிக்கொடுப்பது என்று அது கைமீறிப் போய், சில நாட்களிலேயே அவரே நிறுத்த வேண்டியதாயிற்று. பிள்ளைகளின் மனதை வைத்துச் சோதனை செய்ய நமக்கு உரிமை இல்லை.

புவியியலுக்கு ஒரே ஒரு யோசனை: சுவர் வரைபடத்தையும் உலக உருண்டையையும் பக்கத்தில் வையுங்கள். 1569-இல் மெர்கேட்டர் கடலோடிகளுக்காக வரைந்த முறையில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரியும். நிஜத்தில் ஆப்பிரிக்கா சுமார் பதினான்கு மடங்கு பெரியது. வரைபடமும் ஒரு சான்றுதான், அதையும் ஒருவர் ஒரு தேவைக்காக வரைந்தார் என்று தெரிய இதுவே போதும்.

விஆர் (மெய்நிகர் காட்சி) கண்ணாடி இருந்தால் பயன்படுத்துங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் குறைந்துவிடாது. ஏஐ சாட்பாட்டை நான் வேறு விதமாகப் பயன்படுத்துவேன். அது எழுதிய ஒரு பதிலை அச்செடுத்துக் கொடுத்து, ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சான்று தேடச் சொல்லுங்கள். சான்று கிடைக்காத வாக்கியத்தை அடிக்கச் சொல்லுங்கள்.

"சிலபஸ் முடிக்க வேண்டுமே" என்பீர்கள். நியாயம்தான். எல்லாப் பாடத்தையும் இப்படி நடத்த முடியாது. பருவத்துக்கு ஒன்றோ இரண்டோ பாடத்தை இப்படி எடுங்கள், மற்றதை வழக்கம்போல வேகமாக முடியுங்கள். ஆனால் தேர்வுத்தாளில் ஒரு கேள்வியாவது மாற வேண்டும், இல்லையென்றால் பிள்ளைகள் இதைப் பொழுதுபோக்கு என்றே எடுத்துக்கொள்வார்கள். "குடவோலை முறையின் தகுதிகளை எழுதுக" என்பதற்குப் பதிலாக, இரண்டு கல்வெட்டுகளிலிருந்தும் ஐந்தைந்து வரி கொடுத்து, "எது மாறியது? ஏன் மாறியிருக்கலாம்? உன் விடைக்கு ஆதாரமான வரியைச் சுட்டுக" என்று கேளுங்கள். திருத்தும்போது விடைக்கு இரண்டு மதிப்பெண், ஆதாரத்துக்கு மூன்று என்று வையுங்கள். அதை முன்கூட்டியே பலகையில் எழுதிப் போட்டுவிடுங்கள்.