ஓலை பின்னுகிற பையன்

கேள்வி: எங்களுக்குத் தேவகோட்டை. ஒரு மகள், ஒரு மகன். ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், பள்ளி விட்டு வந்ததும் அப்பத்தாவோடு உட்கார்ந்து கொட்டான் என்கிற சின்ன ஓலைக்கூடை பின்னுகிறான். 'பொட்டப்புள்ள மாதிரி என்னடா இது' என்று அவன் அப்பா ஓலையைப் பிடுங்கி எறிந்துவிட்டார். எனக்கும் உள்ளூரப் பயம். இவனை எப்படித் திருத்துவது?

பதில்: திருத்த என்ன இருக்கிறது, சகோதரி? சாயம் தோய்த்த ஓலையை ஒரே அகலத்தில் கிழித்து, மூலை பிசகாமல் மடக்கிப் பின்ன எவ்வளவு பொறுமை வேண்டும் என்று உங்கள் மாமியாரைக் கேளுங்கள். இந்த வயதில் அவனுக்கு அது வாய்த்திருக்கிறது.

நம் மனதில் இரண்டே பெட்டிகள். எதையும் இதில் போடு, இல்லையென்றால் அதில் போடு. ஆனால் நம் ஊர் நடப்பு அந்தக் கணக்குக்கு அடங்கியதே இல்லை. இந்தப் பக்கத்துக் கல்யாணங்களில் அண்டாவில் கிண்டுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள்தான். அதே சமையல் வீட்டு அடுப்புக்கு வந்ததும் பெண் வேலை ஆகிவிடுகிறது. செட்டியார்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்யப் போனபோது, வருடக்கணக்கில் வீட்டையும் வரவு செலவையும் பார்த்துக்கொண்டவர்கள் அவர்கள் வீட்டுப் பெண்களான ஆச்சிமார். முகப்பு ஆண்களுக்கு, உள்கட்டு பெண்களுக்கு என்று கட்டிய அதே வீடுகளில்தான்!

நம் மொழியையே பாருங்கள். அவன், அவள் என்று பிரிக்கிற தமிழ், நான், நீ என்று வரும்போது பிரிப்பதில்லை. 'நான் பின்னினேன்' என்று மகன் சொன்னாலும் மகள் சொன்னாலும் ஒரே சொல்தான். அடுத்தவரைப் பற்றிப் பேசும்போதுதான் ஆண்பாலும் பெண்பாலும் வருகின்றன.

சரி, நீங்கள் வாய்விட்டு எழுதாத பயத்துக்கு வருகிறேன். ஓலை பின்னி யாரும் திருநங்கை ஆவதில்லை. என்றாவது உங்கள் பிள்ளை தன்னைப் பற்றி அப்படிச் சொன்னாலும், அது வளர்ப்பில் வந்த பிழை இல்லை. தமிழ்நாட்டில் 2008-லேயே திருநங்கைகளுக்கு நல வாரியம் வந்துவிட்டது. 2014-ல் உச்ச நீதிமன்றம் மூன்றாம் பாலினத்தைச் சட்டப்படி ஏற்றது. அப்படி ஒரு நாள் வந்தால், வீட்டை விட்டு மட்டும் அந்தப் பிள்ளையை விலக்கிவிடாதீர்கள்.

ஒன்று கேட்கிறேன். தம்பி சாப்பிட்ட தட்டை உங்கள் மகளா கழுவுகிறாள்? அதை இன்று ராத்திரியே மாற்றுங்கள்.

கணவரிடம் வாக்குவாதம் வேண்டாம். பிடுங்கிய ஓலையைப் பையனிடம் திருப்பிக் கொடுங்கள். முதலில் முடிக்கிற கொட்டானை அப்பாவிடமே கொடுக்கச் சொல்லுங்கள். வண்டிச் சாவி போட்டு வைக்க அவருக்கும் ஒன்று வேண்டுமே.