டாக்டரிடம் கேளுங்கள்: மூன்று தலையணையும் ஏழரை லட்சமும்

கேள்வி: என் கணவருக்கு 52 வயது. கோவையில் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார். போன வருடம் ஆடி மாதம், சக் கீயைத் திருக முடியவில்லை என்று ஆரம்பித்தது. கழுத்து எலும்புத் தேய்மானம் என்று ஆறு மாதம் பட்டை போட்டோம். பேச்சு குழற ஆரம்பித்த பிறகுதான் நரம்பு டாக்டரிடம் போனோம். தசையில் ஊசி வைத்துப் பார்க்கும் டெஸ்ட் எடுத்து ஏ.எல்.எஸ். என்றார்கள், தசையை இயக்கும் நரம்புகள் செத்துக்கொண்டே போகிற நோயாம். நோயின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கும் என்று கொடுத்த ரிலுசோல் மாத்திரையைக் காலை, இரவு சாப்பிடுகிறார். வெளியூரில் ஒரு மையத்தில் ஸ்டெம் செல் (வேறு வகைச் செல்லாக மாறக்கூடிய மூல செல்) ஊசி போடுகிறார்களாம். மூன்று தடவை போட வேண்டும், தடவைக்கு இரண்டரை லட்சம் என்கிறார் என் கொழுந்தனார். குணமானவர்களின் வீடியோவும் காட்டினார். என் அண்ணனோ, இங்கிலீஷ் மருந்தை நிறுத்திவிட்டு ஒரு மண்டலம் பத்தியம் இருந்து நாட்டு மருந்து சாப்பிடச் சொல்கிறார். நாலு சென்ட் இடம் இருக்கிறது. விற்றுவிடலாமா? இப்போது தண்ணீர் குடித்தால் புரையேறுகிறது. மூன்று தலையணை வைத்துத்தான் தூங்குகிறார். காலையில் தலைவலி என்கிறார்.
– பெயர் வேண்டாம், கோவை

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தைக் கடைசி வரியிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். ஊசியைப் பற்றி முழுப் பக்கம் எழுதிவிட்டு, தலையணையையும் தலைவலியையும் போகிற போக்கில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அந்த இரண்டும்தான் பெரிதாகத் தெரிகின்றன.

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் உதரவிதானம் என்று ஒரு தசை இருக்கிறது. மூச்சை இழுப்பதில் பெரும்பங்கு அதனுடையது. கையைப் பிடித்த நோய் அதையும் பிடிக்கும். மல்லாந்து படுத்தால் வயிறு மேலே தள்ளும், தளர்ந்த தசையால் எதிர்த்து நிற்க முடியாது. அதனால்தான் ஒன்று இரண்டாகி, இரண்டு மூன்றாகித் தலையணை ஏறுகிறது. ராத்திரி முழுக்க மூச்சு மேலோட்டமாகப் போய், வெளியேற வேண்டிய கரியமில வாயு ரத்தத்தில் தங்கினால் விடிகாலையில் தலை வலிக்கும். உங்கள் கணவருக்கு அதுதானா என்பதை நேரில் பார்த்துத்தான் சொல்ல முடியும். ஆனால் இந்த வாரமே பார்க்க வேண்டும். நுரையீரல் டாக்டரிடம் மூச்சுக் கொள்ளளவை உட்கார்ந்தும் படுத்தும் ஊதிப் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தத்தில் கரியமில வாயு எவ்வளவு என்றும் பார்ப்பார்கள்.

தேவைப்பட்டால் பைபாப் என்ற மெஷின் தருவார்கள். முகத்தில் மாஸ்க், சிறிய பெட்டி, இரவு முழுக்க மூச்சைத் தள்ளிக் கொடுக்கும். 2006-இல் இங்கிலாந்தில் வந்த ஆய்வில், தொண்டைத் தசை அதிகம் கெடாதவர்கள் இந்த மெஷினால் சராசரியாக 205 நாள் கூடுதலாக இருந்தார்கள். ரிலுசோல் ஆய்வுகளில் கிடைத்தது இரண்டு, மூன்று மாதம். தொண்டை மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு ஆயுள் கூடவில்லை. ஆனால் தூக்கமும் பகல் சோர்வும் அவர்களுக்கும் தேறின. உங்கள் கணவர் எந்தப் பக்கம் என்பது பரிசோதனையில் தெரியும். முதல் நாள் மாஸ்க்கைப் பிடுங்கி எறிவார், அதற்குப் பயப்படாதீர்கள். பகலில் டி.வி. பார்க்கும்போது அரை மணி நேரம் போட்டுப் பழக்குங்கள். மூச்சு முட்டுகிறதே என்று வீட்டிலேயே ஆக்சிஜன் சிலிண்டரை வாடகைக்கு எடுத்து வைக்க மட்டும் வேண்டாம். மூச்சைத் தள்ளும் மெஷின் இல்லாமல் ஆக்சிஜனை மட்டும் கொடுத்தால் கரியமில வாயு இன்னும் ஏறலாம்.

புரையேறுவதற்குத் தண்ணீரைவிடக் கஞ்சிப் பதம் நல்லது. தாடையை நெஞ்சை நோக்கித் தாழ்த்தி விழுங்கச் சொல்லுங்கள். வயிற்றில் உணவுக் குழாய் வைப்பதைப் பற்றியும் இப்போதே பேசிவிடுங்கள். மூச்சுக் கொள்ளளவு பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு அதை வைப்பதில் ஆபத்து கூடும்.

சரி, ஊசிக்கு வருகிறேன். உங்களுக்குப் புத்தி சொல்ல எனக்குப் பெரிய யோக்கியதை இல்லை. 2008-இல் நானும் உங்கள் நிலையில் இருந்தவன்தான்.

என் அக்கா வீட்டுக்காரர் வங்கியில் காசாளர். நோட்டு எண்ணும்போது கட்டைவிரல் நழுவியதில் தொடங்கியது அவருக்கு. அந்த வருடம் இத்தாலியிலிருந்து ஒரு ஆய்வு வந்தது. ரிலுசோலுடன் லித்தியம் சேர்த்துக் கொடுத்த 16 பேரில் 15 மாதத்தில் ஒருவர்கூட இறக்கவில்லை, ரிலுசோல் மட்டும் எடுத்த 28 பேரில் மூன்றில் ஒரு பங்கு போல இறந்துவிட்டார்கள் என்றது. லித்தியம் மனநோய்க்குப் பல காலமாகக் கொடுக்கிற மலிவான மாத்திரை. உலகம் முழுக்க நோயாளிகள் தாங்களாகவே வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார்கள். 16 பேரை வைத்து எதையும் முடிவு கட்டக் கூடாது என்று மாணவர்களுக்கு வகுப்பெடுத்தவன் நான். அன்றைக்கு ராத்திரி அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து நானே சீட்டு எழுதிக் கொடுத்தேன்.

மூன்றாவது வாரத்திலிருந்து அத்தானுக்குக் கை நடுங்கியது. வலது கை ஏற்கெனவே போய்விட்டது. ஸ்பூன் பிடிக்கக் கூடிய ஒரே கை அந்த இடது கைதான். ரசம் சாதம் வாய்க்குப் போகும் முன் மடியில் சிந்தும். நாலு மாதம் பார்த்துவிட்டு நிறுத்தினேன். நடுக்கம் நின்றது, ஆனால் அதற்குள் அந்தக் கையும் தளர்ந்துவிட்டது. மாத்திரையால் அல்ல, நோய் தன் வேகத்தில் வந்ததுதான். ஆனால் அவர் தானாகச் சாப்பிட்டிருக்கக் கூடிய கடைசி நாலு மாதத்தை நான் எடுத்துக்கொண்டேன். பிறகு முறையாக நடந்த ஆய்வுகள் எல்லாம் லித்தியத்தால் பயன் இல்லை என்று சொல்லிவிட்டன. 2013-இல் வந்த பிரிட்டிஷ் ஆய்வில் மட்டும் 214 பேர்.

“பலிக்காவிட்டால் போகட்டும், கெடுதல் இல்லையே” என்று உங்கள் கொழுந்தனார் சொல்லக்கூடும். முகப்பருவுக்குக் கொடுக்கிற மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கை 412 நோயாளிகளிடம் சோதித்தார்கள், முடிவு 2007-இல் வந்தது. மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு நோய் 25 சதவீதம் வேகமாக முற்றியது. எலியிடம் நன்றாக வேலை செய்த மருந்துதான் அதுவும்.

ஸ்டெம் செல்லையும் பெரிய அளவில் சோதித்துப் பார்த்தாகிவிட்டது. நோயாளியின் எலும்பு மஜ்ஜையிலிருந்து எடுத்துப் பக்குவப்படுத்தி முதுகுத் தண்டு நீரில் செலுத்துகிற நியூர்-ஓன் (NurOwn) என்ற சிகிச்சையின் மூன்றாம் கட்ட ஆய்வு 2020-இல் இலக்கை எட்டவில்லை. 2023-இல் அமெரிக்க மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழுவில் ஒரே ஒருவர் ஆதரவாக, 17 பேர் எதிராக வாக்களித்தார்கள். அடுத்த மாதமே அந்த நிறுவனம் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. நம் ஊரில் ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) 2017-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இன்னும் தெளிவு. ரத்தம் சார்ந்த சில நோய்களைத் தவிர வேறு எதற்கும் ஸ்டெம் செல்லைச் சிகிச்சையாக விற்கக் கூடாது, ஆய்வாக மட்டுமே செய்யலாம். ஆய்வு என்றால் நோயாளியிடம் காசு வாங்கக் கூடாது. அந்த மையத்துக்குப் போன் போட்டு, “இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் உங்கள் ஆய்வு எண் என்ன?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். எண் இருந்தால் இரண்டரை லட்சம் எதற்கு? எண் இல்லை என்றால் ஊசி எதற்கு?

அந்த வீடியோ பொய்யாக இருக்க வேண்டும் என்று அவசியமில்லை. இந்த நோய்க்கு 48-க்கு மதிப்பெண் போடுகிற ஒரு அளவுகோல் இருக்கிறது. பேச்சு, விழுங்குவது, எழுதுவது, படி ஏறுவது என்று 12 கேள்விகள். மருந்து ஆய்வுகளில் இருந்த ஆயிரக்கணக்கானோரின் பதிவைச் சேர்த்துப் பார்த்ததில், நாலில் ஒருவருக்கு ஆறு மாதம் வரை மதிப்பெண் இறங்கவே இல்லை. 16 சதவீதம் பேருக்கு ஒரு வருடம் இறங்கவில்லை. நோய் அப்படி அங்கங்கே நின்று நின்று போகும். அந்த ஆறு மாதத்தில் யார் ஊசி போட்டாரோ, யார் சூரணம் கொடுத்தாரோ, பெயர் அவருக்கு. ஏழாவது மாதத்தில் யாரும் வீடியோ எடுப்பதில்லை. இன்னொன்று, நம் நாட்டில் இளைஞர்களுக்கு ஒரு கை மட்டும் மெலிந்து, சில வருடத்தில் தானாகவே நின்றுவிடுகிற ஹிரயாமா என்ற வேறு நோயும் உண்டு. அவர்களும் ஏ.எல்.எஸ். குணமானவர்கள் என்று மேடை ஏறிவிடுகிறார்கள்.

உங்கள் அண்ணனிடம் நான் சண்டைக்கு வரவில்லை. தைலம் தேய்த்துவிடுவதை நான் தடுத்ததே இல்லை. இறுகிய கால் அதில் கொஞ்சம் தளரும், தேய்க்கிற கையின் சூடும் மருந்துதான். ஆனால் பத்தியம் கூடவே கூடாது. இந்த நோயில் எடை குறைந்தால் ஆளும் சீக்கிரம் இறங்குவார். நெய், முட்டை, மசித்த வாழைப்பழம் என்று எடையைப் பிடித்து நிறுத்த வேண்டிய நேரத்தில் உப்பில்லாக் கஞ்சி கொடுப்பது தப்பு. பற்பம், செந்தூரம் என்றால் ஈயமும் பாதரசமும் சேர்ந்திருக்க வாய்ப்பு உண்டு. ஈயம் தானே நரம்பைக் கெடுக்கக் கூடியது. ரிலுசோலை நிறுத்த வேண்டாம், கல்லீரல் டெஸ்ட் மட்டும் டாக்டர் சொன்ன தேதியில் எடுங்கள்.

இடத்தை விற்பது உங்கள் குடும்ப முடிவு. ஒரு தடவை ஊசிக்கான பணத்தில் பைபாப் வாங்கி, சாய்த்து நிமிர்த்துகிற கட்டிலும் வாங்கலாம். மீதியைக் கையில் வைத்திருங்கள். இரவில் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் போட வேண்டிய காலம் வரும். நீங்களும் தூங்க வேண்டும்.

கேள்வி: மீகோபாலமின் என்ற பி12 வைட்டமின் ஊசியை ஜப்பானில் ஏ.எல்.எஸ். நோய்க்கு அங்கீகரித்துவிட்டார்களாமே? எனக்கு வாரம் ஒரு முறை 1500 மைக்ரோகிராம் போடுகிறார்கள். அதுதானே இது?
– ஒரு வாசகர், ஈரோடு

பதில்: பெயர் ஒன்று, அளவு வேறு. ஜப்பானில் 2024 செப்டம்பரில் அனுமதித்தது ஒரு தடவைக்கு 50 மில்லிகிராம், வாரத்துக்கு இரண்டு தடவை. உங்கள் ஊசியில் இருப்பது ஒன்றரை மில்லிகிராம். அந்த அளவுக்கு 33 ஆம்பியூலை உடைக்க வேண்டும், ஒரு தடவைக்கு! தயவுசெய்து யாரும் உடைத்துப் பார்க்காதீர்கள். ஆய்வில் சேர்த்ததும் நோய் தொடங்கி ஒரு வருடத்துக்குள் இருந்தவர்களை மட்டும்தான். அவர்களுக்கு மதிப்பெண் இறங்கும் வேகம் குறைந்தது. உங்களுக்கு எப்போது தொடங்கியது என்ற தேதியோடு உங்கள் நரம்பு டாக்டரிடம் கேளுங்கள், கேட்க வேண்டிய கேள்விதான். இப்போது போடுகிற ஊசி வைட்டமின் ஊசி, அவ்வளவே.

கேள்வி: அப்பாவுக்குப் பேச்சு முழுதாகப் போய்விட்டது. கையும் அசையாது. கண் மட்டும் நன்றாக இருக்கிறது. கண்ணைப் பார்த்து எழுதும் கம்ப்யூட்டருக்கு எங்களிடம் வசதி இல்லை. வேறு வழி உண்டா?
– ஒரு மகள், திருநெல்வேலி

பதில்: ஒரு சார்ட் பேப்பர் போதும். இந்த நோய் பெரும்பாலும் கண் தசையை விட்டுவைக்கும். ஒரு பக்கம் 18 மெய், இன்னொரு பக்கம் 12 உயிர் எழுதிக்கொள்ளுங்கள். “வல்லினமா, மெல்லினமா, இடையினமா?” என்று நீங்கள் கேட்க வேண்டும். சரி என்றால் அப்பா கண்ணைச் சிமிட்டுவார். இனத்துக்கு ஆறே எழுத்து, அதை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுங்கள். பிறகு குறிலா நெடிலா, எந்த உயிர். ஐந்தாம் வகுப்பில் தமிழ் ஐயா அடித்துச் சொல்லிக்கொடுத்தது இப்போதாவது உதவட்டும். பாதி வார்த்தையிலேயே புரிந்தாலும் நீங்களாக முடித்துவிடாதீர்கள், “இதுதானா?” என்று கேளுங்கள். பேச்சு இன்னும் மிச்சமிருக்கிற மற்ற வாசகர்கள், அவர்கள் குரலை இன்றைக்கே போனில் பதிந்து வைக்கலாம்.

நாங்கள் அத்தானுக்குப் போட்ட முதல் அட்டையில் முப்பது எழுத்தும் இருந்தன. ஒரு சித்திரை மத்தியானம். வல்லினத்தில் ப, நெடில் ஏ, மெல்லினத்தில் ன். பேன். அக்கா பதறிப்போய்ச் சீப்பை எடுத்துவந்து அவர் தலையை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்க்கிறாள். அத்தான் கண்ணை மேலே மேலே உருட்டுகிறார். மேலே ஃபேன் நின்றுபோயிருந்தது. கரண்ட் வந்ததும் யாரும் சுவிட்சைப் போடவில்லை. நாங்கள் சிரிக்க, அவருக்கும் சத்தமில்லாத சிரிப்பு. இந்த நோயில் சிரிப்பு வந்தால் லேசில் நிற்காது, கண்ணீர் வழிய அஞ்சு நிமிடம் சிரித்தார். அன்று சாயங்காலமே அட்டையின் மூலையில் சிவப்பு மையில் ஃ, ஜ, ஸ, ஷ, ஹ சேர்த்தோம். நீங்கள் முதலிலேயே எழுதிவிடுங்கள்.