இலங்கை மலையகத்தில் இரண்டு நாள்: எந்த ஊரில் தங்கினால் இடங்களையும் பார்த்து, உள்ளூர்ச் சாப்பாடும் சாப்பிடலாம்?

ஹப்புத்தளை. அது என் ஊர் என்பதால் யோசிக்காமல் சொல்கிறேன்.

நீங்கள் கொழும்பிலிருந்தோ சென்னையிலிருந்தோ வருகிறவராக இருக்கும். எல்லோரும் உங்களை எல்ல என்ற ஊருக்குப் போகச் சொல்லியிருப்பார்கள். எல்லவை நான் குறை சொல்லவில்லை. இரும்புச் சட்டம் இல்லாமல் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் வைத்து 1921இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்க்கத்தான் வேண்டும். ஆனால் நீங்கள் உள்ளூர்ச் சாப்பாடு என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு ஒருவர் "மலையகத்தில் சாப்பிட ஒன்றுமில்லை, தங்குகிற ஹோட்டலிலேயே பார்த்துக்கொள்ளுங்கள்" என்று பதில் சொல்லியிருக்கிறார். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

விடியும்போதே பஸ் ஸ்டாண்டுக்குப் போய் தம்பேதன்ன பஸ்ஸில் ஏறுங்கள். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை அங்கே இருக்கிறது. நாங்கள் ஸ்டோர் என்போம். அங்கிருந்து லிப்டன் சீட் என்ற காட்சி முனைக்கு மேலே சுமார் ஏழு கிலோமீட்டர். ஓட்டோவில் ஏறிப் போய், நடந்து இறங்குங்கள். ஒன்பது மணிக்குள் மேலே இருக்க வேண்டும், பிறகு பனி மூடிவிடும். ஆடிஷம் பங்களாவையும் விடாதீர்கள். தோமஸ் வில்லியர்ஸ் 1931இல் கட்டியது, இப்போது துறவிகளின் மடம். அவர்கள் செய்யும் ஜாம் நல்லது. வார இறுதியிலும் விடுமுறை நாட்களிலும்தான் உள்ளே விடுவார்கள்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். காலையில் பஜார்ப் பக்கம் எந்தச் சின்னக் கடையிலும் ரொட்டி கிடைக்கும். கோதுமை மாவும் துருவிய தேங்காயும் உப்பும் பிசைந்து தடிப்பாகத் தட்டிச் சுட்டது. தொட்டுக்கொள்ளக் கட்டச்சம்பல்: செத்தல் மிளகாய் (காய்ந்த மிளகாய்), சின்ன வெங்காயம், மாசிக் கருவாடு, கடைசியில் தேசிக்காய்ப் புளி, அதாவது எலுமிச்சைச் சாறு. அம்மியில் அரைக்கிற கடையாகப் பார்த்து உட்காருங்கள், நாக்குக்கு வித்தியாசம் தெரியும். பகலில் சோறும் பருப்பும் போஞ்சிக் (பீன்ஸ்) கறியும். நாலு மணிக்குப் பிளேன்டி, பால் இல்லாத தேநீர். கேட்காமலே ஒரு தட்டு நிறைய ரோல்ஸ், வடை, பணிஸ் (பன்) என்று கொண்டுவந்து வைப்பார்கள். பயப்பட வேண்டாம், தின்றதற்கு மட்டும்தான் காசு.

இந்த ரொட்டியைப் பற்றி நான் இவ்வளவு பேசக் காரணம் இருக்கிறது. 2016இல் கொழும்பில் வேலை பார்த்தேன். உடன் வேலை செய்த நாலு பேரை ஊருக்குக் கூட்டிவந்தேன். எங்கள் வீடு லயத்தில், தோட்டத் தொழிலாளருக்கான வரிசை வீடுகளில் ஒன்று. முன்னால் ஒரு காம்பரா (அறை), பின்னால் குசினி (சமையலறை), அவ்வளவுதான். அங்கே கூட்டிப்போக எனக்கு வெட்கமாக இருந்தது. "வெளியே சாப்பிடுகிறோம், ஒன்றும் செய்ய வேண்டாம்" என்று அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டு, எல்லவில் ஒரு ரெஸ்டோரண்டுக்குப் போனோம். மெனுவில் தேங்காய் ரொட்டி இருந்தது. பலகைத் துண்டில் இரண்டு ரொட்டி, கிண்ணத்தில் ஒரு கரண்டி சம்பல். ஐந்து பேருக்கும் வந்த பில், அம்மா பத்து நாள் தேயிலைக் கொழுந்து எடுத்தால் வருகிற சம்பளம். "இதுதான் உங்கள் ஊர்ச் சாப்பாடா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம் என்றேன்.

கொழும்புக்குப் போகும் இரவு மெயில் ரயிலுக்கு ஹப்புத்தளை ஸ்டேஷனுக்கு வந்தால், அம்மா பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மாலைக் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சுட்டு, பேப்பரில் சுற்றிய ரொட்டி. ஜாம் போத்தலில் சம்பல். "வழியில் பசிக்கும் தம்பி" என்றார். விரலில் கொழுந்துக் கறை அப்படியே இருந்தது. அடுத்த ஸ்டேஷனான இதல்கஷின்ன வருவதற்குள் நாலு பேரும் எல்லாவற்றையும் முடித்துவிட்டார்கள், போத்தலை விரலால் வழித்தார்கள். "ஏன் எங்களை வீட்டுக்குக் கூட்டிப்போகவில்லை?" என்று கேட்டார்கள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அம்மா இப்போது இல்லை.

கஷ்டத்தைச் சொல்லி அனுதாபம் தேடுகிறேன் என்று யாராவது எழுதலாம். இல்லை. நல்ல சாப்பாடு எங்கே இருக்கிறது என்று கேட்டீர்கள், எனக்குத் தெரிந்த இடத்தைச் சொன்னேன். வழியில் கொழுந்து எடுக்கும் பெண்களைப் படம் எடுப்பதென்றால் முதலில் கேட்டுவிட்டு எடுங்கள். அவர்கள் வேலையில் இருக்கிறார்கள்.

தங்குவதற்கு முகவரியோடு இடம் சொல்லச் சொன்னீர்கள். முகவரி என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. நான் வளர்ந்த லயத்தில் எந்த வீட்டுக்கும் தனி இலக்கம் கிடையாது. கடிதமெல்லாம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அவர்கள் கொடுக்கும்போதுதான் கைக்கு வரும். எனக்கு வந்த முதல் நேர்முகத் தேர்வுக் கடிதம், தேர்வு முடிந்து நாலாம் நாள் கிடைத்தது. இருநூறு வருஷமாக இந்த மலையில் இருக்கிற சனத்துக்கு ஒரு வீட்டு இலக்கம் கொடுப்பது அவ்வளவு பெரிய காரியமா? இதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டது.

சரி, தங்குமிடம் டவுனுக்குள்ளேயே நடக்கிற தூரத்தில் பாருங்கள். ஞாயிறு வந்தால் சந்தையும் கிடைக்கும். ரொட்டிக்கு மட்டும் ஏழரைக்கு முன்னால் போய்விடுங்கள், அதற்குப் பிறகு தட்டில் இருப்பது ஆறிப்போனதுதான்.