கோடியக்கரை சதுப்பு நிலம்: வாசகர் கேள்வி பதில்

தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்ட வாசகர்கள் கோடியக்கரைப் பயணம் பற்றிக் கேட்டவற்றுக்கான பதில்கள் இங்கே.

பொங்கல் விடுமுறையில் போகலாம் என்றிருக்கிறோம். பூநாரை, உப்பளம் இரண்டையும் ஒரே நடையில் பார்த்துவிட முடியுமா?
– பென்னாகரம் வாசகர்

பூநாரை பார்க்கலாம். உப்பு வாருவதைப் பொங்கலில் பார்க்க முடியாது. இரண்டும் வேண்டுமென்றால் பிப்ரவரி கடைசிக்குத் தள்ளிப் போடுங்கள்.

இந்தச் சதுப்பில் எதையும் தீர்மானிப்பது தண்ணீரின் ஆழம்தான். வடகிழக்குப் பருவமழையில் சதுப்பு நிரம்பிவிடும். வாத்துகள் அப்போதே வந்து மிதக்கும். பூநாரையோ அலகைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டு, காலால் சேற்றைக் கலக்கி இரை வடிகட்டும் பறவை, ஆழமில்லாத தண்ணீர்தான் அதற்குச் சரி. உள்ளான் என்னும் சிறு கரைப்பறவைகளுக்கு அதைவிடக் குறைந்த தண்ணீர், கணுக்கால் அளவு இருந்தால் போதும். மழை நின்று ஜனவரியில் தண்ணீர் வடிய வடியத்தான் இவை கூட்டமாக ஓரத்துக்கு வரும். மழை தாமதமாக முடிந்த வருடம் பொங்கலுக்குப் போனால் தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடு ஒன்றுதான் தெரியும்.

உப்பளத்தில் அந்த நேரம் பாத்தியைச் சமன் செய்து மிதித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருப்பார்கள். கடல்நீர் சுமார் 3 டிகிரி போமே (உப்புநீரின் அடர்த்தியை அளக்கும் அலகு) அடர்த்தியில் உள்ளே வருகிறது. பாத்தி பாத்தியாக மாற்றி வெயிலில் சுண்ட விடும்போது முதலில் ஜிப்சம் படிந்து தனியே நின்றுவிடும். சுமார் 25 டிகிரியில் உப்பு பூக்கும். 29, 30 டிகிரியைத் தொட்டதும் மிஞ்சிய கசப்பு நீரை வடித்துவிட வேண்டும். தாமதித்தால் மெக்னீசியம் உப்பில் கலந்து, மூட்டையிலேயே நீர் கசியும், நாக்கிலும் கசக்கும். நடுவில் ஒரு கோடை மழை பெய்தால் பூத்த உப்பு கரைந்துவிடும், மறுபடி சுண்ட விட வேண்டியதுதான். உப்பளம் தனியார் குத்தகை நிலம், அதனால் கேட்டுவிட்டு இறங்குங்கள். வரப்பில் மட்டும் நடங்கள். மிதித்த பாத்தியில் செருப்புக்கால் பட்டால் உப்பில் மண் ஏறும்.

வயதானவர்களும் குழந்தைகளும் காரில் வருகிறோம். எந்த வழி, எத்தனை நாள்?
– காவேரிப்பட்டணம் வாசகி

தர்மபுரியிலிருந்து சேலம், நாமக்கல், திருச்சி, தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம் வழியாக ஏறத்தாழ 380 கிலோமீட்டர். உங்களுக்கு இன்னும் 35 கிலோமீட்டர் போலக் கூடும். ஒரே நாளில் போய்த் திரும்ப நினைக்காதீர்கள். முதல் நாள் மாலை வேதாரண்யம் போய்ச் சேர்ந்து தங்குங்கள், மறுநாள் விடிகாலையும் மாலையும் சதுப்பு, மூன்றாம் நாள் ஊருக்கு. வேதாரண்யத்தில் லாட்ஜ்கள் உண்டு. கோடியக்கரையில் வனத்துறை விடுதியும் இருக்கிறது, முன்பதிவு அவசியம். சரணாலயத்துக்குள் எந்த நேரம் விடுகிறார்கள், கட்டணம் எவ்வளவு என்பதைக் கிளம்பும் வாரத்தில் போனில் கேட்டுக்கொள்வது நல்லது, பருவத்துக்குப் பருவம் மாறும்.

காரைச் சாலையை விட்டு இறக்கவே இறக்காதீர்கள். சதுப்பின் ஓரம் வெள்ளையாக உப்புப் பொருக்கு கட்டி, காய்ந்த களம் மாதிரி தெரியும். பொருக்கின் கனம் விரலளவுகூட இராது, அடியில் கருங்களி. சக்கரம் சுழலச் சுழலப் புதையும். நம் பக்கத்துச் செம்மண், கரிசல் அனுபவம் அங்கே செல்லாது. ஊர் திரும்பியதும் வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள், உப்புக்காற்று துருவேற்றும்.

ராஜாஜி உப்பு எடுத்த இடம் அங்கேதானா?
– ஓசூர் வாசகர்

அங்கேதான். உங்கள் ஊருக்குப் பக்கத்திலிருக்கும் தொரப்பள்ளியில் பிறந்தவர் 1930 ஏப்ரல் 13 அன்று திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களுடன் நடந்து புறப்பட்டார். 28 அன்று வேதாரண்யம் சேர்ந்து, 30 அன்று அகஸ்தியம்பள்ளியில் உப்பு அள்ளிக் கைதானார். அங்கே நினைவுத்தூண் இருக்கிறது. வேதாரண்யத்திலிருந்து கோடியக்கரை போகும் வழியில் சாலையோரம் உப்பளங்கள் தெரியத் தொடங்கும் இடம் அது. தொண்டர்களுக்குச் சோறு, இடம் கொடுத்தால் தண்டனை என்று அன்றைய தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்திருந்தும் வழிநெடுக ஊர்க்காரர்கள் சோறு போட்டார்கள். தொரப்பள்ளி நினைவு இல்லத்தையும் இதையும் சேர்த்துப் பிள்ளைகளுக்குக் காட்டினால் பாடப்புத்தகம் தானாக விளங்கும்.

மான் எளிதில் கண்ணில் படுமா? குரங்குக்குப் பழம் கொடுக்கலாமா?
– அரூர் வாசகி

வெளிமான் புல்வெளியில் மேயும். காலை 6.30 முதல் 8.30 வரையும் மாலை 4 மணிக்கு மேலும் பாருங்கள், உச்சி வெயிலில் நிழலுக்குப் போய்விடும். முறுக்கிய கொம்பும் கருமேனியும் வெள்ளை வயிறும் உள்ளது முதிர்ந்த கிடா, கொம்பில்லாத பழுப்பு நிறம் பெட்டை. காட்டுக்குதிரைகளையும் காணலாம். அவை வளர்ப்பிலிருந்து விடுபட்டவற்றின் வழிவந்தவை, கிட்டே போனால் உதைக்கும்.

பழம் வேண்டாம். கொடுத்துப் பழக்கினால் அடுத்து வருகிறவரின் பையைக் குரங்கு பிடுங்கும்.

என்னென்ன எடுத்துப் போக வேண்டும்?
– பாலக்கோடு வாசகர்

8×42 பைனாகுலர் (8 மடங்கு பெருக்கம், 42 மில்லிமீட்டர் முன்கண்ணாடி) போதும். 10 மடங்கு பெருக்கம் கை நடுங்கினால் பயன்படாது. காலையில் சூரியன் முதுகுப்பக்கம் இருக்கும்படி நில்லுங்கள், எதிர்வெயிலில் எல்லாப் பறவையும் கறுப்புதான். ஆளுக்கு 3 லிட்டர் குடிதண்ணீர், தொப்பி, மங்கலான நிறச் சட்டை. சிவப்பு, வெள்ளை வேண்டாம். டிரோன் பறக்கவிட அனுமதி கிடையாது.

இன்னொன்று. காலில் உலோக வளையம் போட்ட பறவை செத்துக் கிடந்தால் வெறுங்கையால் தொடாமல், வளையத்தின் எண் தெளிவாகத் தெரியும்படி படமெடுத்து, தேதி, இடத்தோடு வனத்துறையிடம் கொடுங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் கோடியக்கரையில் பல பத்தாண்டுகளாக வளையமிட்டு வருகிறது. ஒரு பறவை எங்கிருந்து வந்தது என்பதை அந்த எண்ணை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறார்கள்.