சென்னையில் குற்றத்தைக் குறைக்க குண்டர் சட்டம் போதுமா?

கேள்வி இது: "ரவுடிகளைக் குண்டர் சட்டத்தில் போட்டு உள்ளே வைப்பதுதானே சென்னைக்குச் சரி? ஜாமீன், சிறைச் சீர்திருத்தம் என்று பேசுகிறவர்களுக்குப் பறிகொடுத்தவர்களின் வலி தெரியுமா?"

தெரியும். 2018இல் என் அக்காவின் ஐந்து பவுன் தாலிச் சங்கிலியை பைக்கில் வந்த இரண்டு பேர் அறுத்துக்கொண்டு போனார்கள். விடிகாலை, வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் கோடு போலத் தழும்பு இன்னும் இருக்கிறது. பின்னால் பைக் சத்தம் கேட்டால் இப்போதும் முந்தானையை இழுத்துக் கழுத்தை மூடிக்கொள்கிறாள்.

ஆளைப் பிடித்தார்கள். ஒருவன்மேல் ஏற்கெனவே நாலைந்து வழக்குகள் இருந்ததால் குண்டர் சட்டம் பாய்ந்தது. "இனி ஒரு வருஷம் வெளியே வரமாட்டான்மா" என்று ஸ்டேஷனில் சொன்னபோது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. எனக்கும்தான்.

அப்புறம்தான் அந்தச் சட்டம் என்ன என்று படித்தேன். 1982இல் வந்த தடுப்புக் காவல் சட்டம் அது. சென்னையில் காவல் ஆணையர் உத்தரவு போட்டால் விசாரணையே இல்லாமல் 12 மாதம் வரை அடைத்து வைக்கலாம். அந்த உத்தரவு சரியா என்று பார்க்கும் அறிவுரைக் குழுமத்தின் முன் வக்கீல் வாதாட முடியாது. செய்த குற்றத்துக்கான தண்டனை இல்லை இது. இனிமேல் செய்துவிடக் கூடாதே என்று அடைத்து வைப்பது. அதனால் எதையும் யாரும் நிரூபிக்க வேண்டியதில்லை. சங்கிலி பறித்தவன்மேல் போட்ட உத்தரவை ஆறாவது மாதம் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அவனுக்குக் கொடுத்த ஆவண நகல்களில் சில பக்கங்களைப் படிக்க முடியவில்லை என்பது காரணம். இப்படி ரத்தாவது இங்கே வழக்கமாக நடப்பதுதான்.

சங்கிலி பறித்த வழக்கு? அது தூங்குகிறது. அக்கா இரண்டு முறை சாட்சி சொல்லப் போனாள். முதல் முறை அரசு வழக்கறிஞர் விடுப்பு, அடுத்த முறை அவன் வரவில்லை. இரண்டுக்கும் வாய்தா. மீட்ட சங்கிலியை "விற்க மாட்டேன், மாற்ற மாட்டேன், கேட்கும்போது கொண்டு வருவேன்" என்று எழுதிக் கொடுத்து வாங்கினோம். பீரோவில் கிடக்கிறது. அக்கா மஞ்சள் கயிற்றோடுதான் இருக்கிறாள்.

இப்போது இன்னொரு பக்கம். 2019இல் எங்கள் தெருப் பையன் ஒருவன், 19 வயது, செல்போன் திருட்டில் உள்ளே போனான். முதல் வழக்கு. பதினாறாவது நாளே ஜாமீன் கிடைத்துவிட்டது. ஆனால் இரண்டு பேர் ஜாமீன் கொடுக்க வேண்டும், ஒருவர் ரத்த சொந்தமாக இருக்க வேண்டும். அப்பா இல்லை. அம்மா நாலு வீட்டில் வேலை பார்க்கிறவர், வாடகை வீடு. கோர்ட் வாசலில் மூவாயிரம் கொடுத்தால் ஆள் வைத்து ஜாமீன் போடுவதாக ஒருவர் சொல்லியிருக்கிறார். அதற்கும் காசில்லாமல் பல நாள் கழித்து அந்த அம்மா என்னிடம் வந்து, "தம்பி, உங்க வீட்டு வரி ரசீது வேணுமாம்" என்றார்.

போனேன். என்னிடம் இருந்தது போன அரையாண்டு ரசீது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் வரி கட்டிப் புது ரசீதோடு போய் மாலை நாலு மணி வரை நின்றேன். பையன் வெளியே வரும்போது 43 நாள் ஆகியிருந்தது. ஜாமீன் கிடைத்த பின்னால் மட்டும் 27 நாள்!

புழல் வாசலிலிருந்து ஆட்டோவில் வரும்போது, உள்ளே எப்படியிருந்தது என்று கேட்டேன். "ஒரு அண்ணன் பாத்துக்கிட்டார்ண்ணா. சோப்பு, பேஸ்ட்டு எல்லாம் அவர்தான் வாங்கிக் கொடுத்தார்" என்றான். மூன்று மாதம் கழித்து அந்த அண்ணனின் ஆட்கள் இவனைத் தேடி எங்கள் தெருவுக்கே வந்தார்கள். அம்மா அன்று இரவே அவனைத் திருவண்ணாமலையில் மாமா வீட்டுக்கு அனுப்பிவிட்டார். மாமா வீடு இல்லாத பையன்கள் எங்கே போவார்கள்?

2022 முடிவில் இந்தியச் சிறைகளில் இருந்த 5,73,220 பேரில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நாலில் மூன்று பேர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர்கள். கேள்வி கேட்டவர் இந்த எண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும். இப்படி அடைத்து வைப்பதால் என் அக்காவுக்கு நியாயம் கிடைத்துவிடவில்லை, ஒரு சில்லறைத் திருடனை ரவுடிக் கூட்டம் ஆள் எடுக்க வழிதான் பிறந்தது.

வழி இல்லாமலும் இல்லை. ஜாமீன் கிடைத்து ஒரு மாதமாகியும் ஜாமீன்தாரர் கிடைக்காவிட்டால் நிபந்தனையைத் தளர்த்தலாமா என்று நீதிமன்றமே பார்க்கலாம் என 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஏழைக் கைதிகளின் ஜாமீனுக்குப் பணம் கொடுக்கும் மத்திய அரசுத் திட்டமும் அதே ஆண்டு வந்தது. 2024 ஜூலை முதல், இதற்கு முன் தண்டனை பெறாத விசாரணைக் கைதி அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்கை உள்ளேயே கழித்துவிட்டால், ஆயுள், மரண தண்டனை வழக்குகள் போன்றவை தவிர, ஜாமீனில் விடுவிக்க வேண்டும். அந்த அம்மாவைப் போன்றவர்களுக்கு இதையெல்லாம் யார் போய்ச் சொல்வது? ஏழைகளுக்கு இலவசச் சட்ட உதவி தரும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் ஆள் ஒவ்வொரு சிறையிலும் பெயர் பெயராகப் பார்த்துச் சொல்ல வேண்டும்.

2024 ஜூலையில் பெரம்பூரில் பகுஜன் சமாஜ் கட்சியின் மாநிலத் தலைவர் ஆம்ஸ்ட்ராங் கொல்லப்பட்டபோது ஊரே கொதித்தது. கைதான ஒருவர் பத்து நாளுக்குள் போலீஸ் சுட்டு இறந்தார். பலர் கைதட்டினார்கள். எனக்குப் பயமாக இருந்தது. யார் ஏவினார்கள் என்பதைக் கூண்டில் நின்று சொல்ல வேண்டிய வாய்களில் ஒன்று மூடிவிட்டது.

கொலைகாரனையும் சாட்சியை மிரட்டுகிறவனையும் வெளியே விடச் சொல்லவில்லை. அவர்களுக்கு ஜாமீனே வேண்டாம், ஆனால் ஆறு மாதத்தில் விசாரணையை முடியுங்கள். அதற்கு அரசு வழக்கறிஞர்கள் வேண்டும், தடய அறிவியல் அறிக்கை சீக்கிரம் வர வேண்டும், சாட்சி சொல்ல வருகிறவரை அன்றே விசாரித்து அனுப்ப வேண்டும். முதல் முறை வந்த பையனைப் பழைய ரவுடியோடு ஒரே பிளாக்கில் போடக் கூடாது.

அக்காவுக்கு அடுத்த மாதம் மறுபடி சம்மன் வந்திருக்கிறது. வேலைக்கு லீவு சொல்லிவிட்டேன், இந்த முறை நானும் கூடப் போகிறேன்.